நம்ம மலைக்குச் சுற்று வழி

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால், தென்மேற்கில் மற்ற மலைகளுக்கெல்லாம் பின்னால் கூம்பாக ஒன்று நிற்கும். அதுதான் அகத்தியர் மலை. ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் பாறையின் மடிப்புகூடத் தெரியும்; பங்குனி பிறந்துவிட்டால் ஆளையே காணாது. காக்கா பறக்கிற கணக்கில் எங்கள் மாடிக்கும் அந்த உச்சிக்கும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஆனால் நான் அதில் ஏறப் போன வழி தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரா, பொனக்காடு. 150 கிலோமீட்டர் பக்கம் வண்டியில் சுற்றி, அடுத்த மாநிலத்துக்குப் போய், அங்கே அடையாள அட்டையைக் காட்டி, மலையின் முதுகுப் பக்கமாக ஏறினேன். நாற்பது வயதுவரை முகத்தை மட்டுமே பார்த்த ஒருத்தரை முதுகுப் பக்கமாகப் போய்ப் பார்ப்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அப்பா இப்படிச் சுற்றவில்லை. அவர் போனது 1976ல், 24 வயதில், கூட்டாளிகள் ஏழு பேரோடு. காரையாறு அணையைத் தாண்டி, பாணதீர்த்த அருவி, இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம், அப்புறம் உச்சி. அரிசியும் புளியும் கருப்பட்டியும் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோய், பாறையில் பொங்கித் தின்று, யானை வந்த ராத்திரி மரத்தில் ஏறி உட்கார்ந்து விடியவிட்டு, நான்காம் நாள் உச்சியைத் தொட்டிருக்கிறார்கள். இந்தக் கதையை நாங்கள் ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்போம். யானையின் எண்ணிக்கை மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடும். மாறாமல் இருப்பது பூங்குளம்தான். தாமிரபரணி பிறக்கிற சுனை. "தரையெல்லாம் பூவாக் கிடக்கும், நடுவுல தண்ணி சத்தமே இல்லாம நிக்கும்" என்பார். அங்கே வந்ததும் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும்.

அந்த வழி இப்போது கிடையாது. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988ல் புலிகள் காப்பகம் ஆயின, தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. நாளடைவில் கட்டுப்பாடு இறுகி, மேலே போகும் நடையும் நின்றது, பாணதீர்த்தத்துக்குப் போன படகும் நின்றது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் அவிழ்த்து விட்டுப்போகிற வேட்டி சேலையைப் பார்த்தவர்கள், அதே கூட்டத்தைப் பூங்குளத்தில் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பூட்டி வைத்தது சரிதான். அந்தக் காடு பூட்டிக் கிடப்பதால்தான் எங்கள் ஊர் வயலில் தண்ணீர் பாய்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரியத்தான் செய்கிறது, என்ன செய்ய.

கேரள வனத்துறை ஆண்டுதோறும் தை மாத வாக்கில் பொனக்காடு பக்கமிருந்து ஆட்களை விடுகிறது. நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு, முன்பதிவு இணையத்தில்தான், திறந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் காலி. அண்ணன் இரண்டு முறை அப்படிப் போய்வந்தான். நான் போக முடியாது. பெண்களுக்கு அனுமதி இல்லை என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள். அகத்தியர் பிரம்மச்சாரி என்று காரணம் சொன்னார்கள். அவர் பெண்டாட்டி லோபாமுத்திரையை என்ன செய்தார்களோ. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களையும் விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி, பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளர், உச்சி வரை ஏறினார். பொனக்காட்டில் காணிப் பழங்குடி மக்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள், ஆனால் யாரையும் மறிக்கவில்லை. இதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. அது அவர்கள் சாமி, அவர்கள் மலை. ஆனால் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் திறந்த கதவு எனக்கு மட்டும் எதற்குச் சாத்திக் கிடக்க வேண்டும்? யோசித்துக்கொண்டே ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அண்ணனே இரண்டு பேருக்குப் பதிவு போட்டுவிட்டு வந்து, "ஏட்டி, டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி வை" என்றான். அவ்வளவுதான் அழைப்பு.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். செங்கோட்டை தாண்டும்போது எனக்கு ஆச்சி ஞாபகம் வரும். ஆச்சி பிறந்தது செங்கோட்டை, வாக்கப்பட்டது அம்பாசமுத்திரம். 50 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அவள் கணக்கில் அது வேறு ராஜ்யம். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவுடையது, அம்பாசமுத்திரம் வெள்ளைக்காரனுடையது. அங்கே காசே வேறு. 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். கல்யாணத்துக்கு வந்தபோது முந்தானையில் முடிந்து வந்த சக்கரத்தை இங்கே கடைக்காரன் வாங்க மாட்டேன் என்றதும், "இதென்ன ஊரு, ராஜா காசைத் தூக்கிப் போடுதான்!" என்று அழுதாளாம். 1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்ந்தது. ஆச்சி சாகிறவரை மட்டும் அங்கே போகும்போதெல்லாம் "நம்ம சீமைக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொன்னாள். எல்லையைக் காகிதத்தில் நகர்த்திவிடலாம்; ஆச்சியை நகர்த்த யாராலும் முடியாது.

புளியரை ஏற்றம், ஆரியங்காவு, பதின்மூன்று கண் பாலம், தென்மலை எல்லாவற்றையும் தூக்கத்திலேயே தாண்டினேன். விழித்தபோது பாலோடு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொனக்காடு போய்ச் சேர்ந்தோம். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டம், இப்போது ஆலை துருப்பிடித்துக் கிடக்கிறது, தேயிலை ஆளுயரம் வளர்ந்து காடாகிவிட்டது. லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அண்ணன் என்னிடம் பேசுகிற தோரணையைக் கேட்டுவிட்டு, "திருநவேலிப் பக்கமா?" என்றாள். அவள் அப்பா காலத்தில் தென்காசியிலிருந்து வந்தவர்களாம். இவர்கள் வந்த வழியில்தான் நாங்களும் வந்திருக்கிறோம், என்ன, நாங்கள் ரெண்டு நாளில் திரும்பிவிடுவோம்.

முதல் நாள் நடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் ஒருவர் 14 என்பார், இன்னொருவர் 16 என்பார், என் காலைக் கேட்டால் 30 என்று சொல்லும். லாத்திமொட்டை, கரமனையாறு, அட்டையாறு என்று ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர், நிழல், உட்காரக் கல். அட்டையாற்றில் பேருக்கேற்றபடி அட்டை உண்டு, தை மாதமாதலால் குறைவு. அப்புறம் வெட்டவெளிப் புல்மேடு. அங்கே வெயில் நம்மை உரித்துவிடும். அதற்கும் மேலே ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி. எங்கள் பக்கம் தேரி என்றால் சாத்தான்குளம், திருச்செந்தூர் வழியில் கிடக்கிற செம்மண் மேடு. இவர்களுக்குத் தேரி என்றால் செங்குத்து ஏற்றம். முட்டு என்பது நம்மூரிலும் முழங்கால்தானே. ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கும் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பொய் இல்லை, இடித்தது.

அண்ணனின் புது ஷூ முட்டிடிச்சானில் வாயைப் பிளந்தது. மலையேற்றத்துக்கென்றே செய்தது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்த ஷூ. அடி தனியாக, மேல் தனியாக. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த காணிக்காரர் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்துப் பொட்டலம் கட்டுவதுபோல ஷூவைக் கட்டிவிட்டு நடந்தார். அந்தப் பொட்டலத்தோடுதான் அண்ணன் உச்சி வரை வந்தான்.

அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இதைப் பற்றி ஊரறிந்த கதை ஒன்று உண்டு. 1987ல் இந்த மலைக்குச் செடி ஆராய வந்த விஞ்ஞானிகள் இதே மாதிரி ஏற்றத்தில் நாக்குத் தள்ளி நிற்கும்போது, கூட வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ சின்னக் காயைத் தின்றுகொண்டு அலுக்காமல் போயிருக்கிறார்கள். என்ன அது என்று துருவியபோது கிடைத்ததுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் (வரும்போது அந்த வழியாகத்தான் வந்தோம்) அதை வைத்து ஜீவனி என்ற மருந்து செய்தார்கள். 1995ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, கிடைத்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு ஆயிற்று. பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் சில ஏற்பாடுகளில் ஒன்று என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் வழிகாட்டியிடம் "அந்தச் செடி எங்கே இருக்கு?" என்று கேட்டேன். "உண்டு" என்றார். கையை எந்தப் பக்கமும் நீட்டவில்லை. அதுவும் சரிதான்.

முகாமில் கஞ்சியும் பயறும். அப்படி ஒரு கஞ்சியை நான் வாழ்நாளில் குடித்ததில்லை என்று எழுத ஆசைதான், உண்மையில் உப்புக் குறைவு. வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரை வாழையிலையில் மிச்சமிருந்தது, அதையும் சேர்த்து இறக்கினோம். ராத்திரி காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. பெண்கள் நாங்கள் ஒன்பது பேர். திருச்சூர் டீச்சர் ஒருவர், 58 வயது, ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இங்கே வந்தேன் என்றார். அவர் விட்ட குறட்டையில் யானை வராது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஏழு மணிக்கு விட்டார்கள். இந்த ஒரு நாளுக்காகத்தான் மீதியெல்லாம்.

முகாமை விட்டதும் ஈற்றைக் காடு. மூங்கிலுக்குத் தம்பி மாதிரி, விரல் கனம், இரண்டு பக்கமும் சுவர்போல நெருங்கி நிற்கிறது, நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. யானைக்கு இது பிரியமான தீனி. ஆகவே சந்துக்குள் பச்சையாகக் கிடக்கிற சாணத்தைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும், காது மட்டும் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் சோலை. அண்ணாந்தால் இலை மட்டும்தான், வானம் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். மேலே ஒரு சோலைமந்திக் கூட்டம் பழத்தைத் தின்று கொட்டையை எங்கள் மேல் போட்டது. குறி பார்த்துப் போட்டதாகத்தான் எனக்குப் பட்டது.

பொங்காலைப் பாறையில் காடு விலகிவிடுகிறது. பெரிய சாய்வான பாறை, அதன்மேல் வழுக்கி ஓடுகிற தண்ணீர், எதிரே திடீரென்று உச்சி. மொட்டைமாடியிலிருந்து நான் பார்த்த கூம்பு இல்லை இது. தோளும் கழுத்துமாக, தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு வேறு ஆளாக நின்றது. எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அங்கே உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வழிகாட்டியிடம் கேட்டேன், தமிழ்நாடு எங்கே தொடங்குது, எல்லைக் கோடு எது என்று. அவர் சிரித்தார். "இவிடெ கோடொன்னும் இல்ல சேச்சி. மழை பெய்யட்டே, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுதோ அதாக்கும் ஸ்டேட்டு."

யோசித்தால் அந்தக் காலத்தில் எல்லை போட்டவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்தார்கள். கிழக்கே ஓடுகிற தண்ணீர் திருநெல்வேலிச் சீமைக்கு, மேற்கே ஓடுகிற தண்ணீர் மகாராஜாவுக்கு. இந்த மலையிலிருந்து நெய்யாறு மேற்கே இறங்குகிறது, தாமிரபரணி கிழக்கே இறங்குகிறது. ஒரே மேகம்தான். காற்று ஒரு முழம் தள்ளிவிட்டால் அது அரபிக்கடலுக்குப் போவதா, எங்கள் ஊர் வாய்க்காலுக்குள் வருவதா என்பது மாறிவிடும். வழிகாட்டிக்குச் சித்தி ஒருத்தி காரையாறு பக்கம் காணிக்குடியிருப்பில் இருக்கிறாளாம், அவர் அம்மாவுக்குத் தங்கை. முன்னெல்லாம் மலைவழியே ஒன்றரை நாளில் போய்விடுவார்களாம். "இப்ப?" என்றேன். "இப்ப பஸ்ஸு. நெடுமங்காடு, திருவனந்தபுரம், நாகர்கோயில், திருநவேலி, பாபநாசம்." எங்களுக்கு ஒரு சுற்று என்றால் அவருக்கு அதைவிடப் பெரிய சுற்று. மலையிலேயே பிறந்தவர்கள் அவர்கள். எனக்கு வயிறெரிந்ததைப் பற்றி மேலே எழுதியதை இப்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

பொங்காலைப் பாறைக்கு மேலே நடை என்ற சொல் பொருந்தாது. வேரைப் பிடித்து ஏறுவது, பாறையில் பல்லிபோல ஒட்டுவது, மூன்று இடத்தில் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்துத் தொங்குவது. காற்று பக்கவாட்டில் வந்து தள்ளியது. கயிற்றின் நடுவில் நான் ஒரு தடவை நின்றுவிட்டேன், மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மேலிருந்து அண்ணன், "ஏட்டி, கீழ பாக்காத, கயித்தப் பாரு" என்றான். கீழேதான் பார்த்தேன். மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை, அதுவும் நல்லதுக்கே. திருச்சூர் டீச்சர் எனக்கு முன்னால் போய்விட்டார் என்கிற மானம்தான் என்னை மேலே தூக்கியது.

உச்சிக்குச் சற்றுக் கீழே மரங்களெல்லாம் என் உயரத்துக்குக் குறைந்துவிட்டன. வயதான மரங்கள், கூன் விழுந்து, பாசி போர்த்தி, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அதைத் தாண்டியதும் ஏற ஒன்றும் மிச்சமில்லை. 1,868 மீட்டர். கல் சுற்றிய ஒரு சின்ன இடத்தில் அகத்தியர் சிலை, குள்ளமாக, பாபநாசம் கோயிலில் கல்யாணக் கோலம் பார்க்க நிற்பவர் இங்கே தனியாகக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

இந்த இடத்தில் 1855ல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார் என்று படித்திருந்தேன். திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவர் அவர். கீழே அளக்கிற காந்த ஊசியும் காற்றழுத்தமும் மலை உச்சியில் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கயிறு கட்டி நாம் வெறுங்கையோடு ஏறவே இந்தப் பாடு. கருவிகளையும் சாமானையும் இங்கே கொண்டுவந்து, ஆட்களைத் தங்கவைத்து, மழையிலும் குளிரிலும் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் பிரவுன் பேர் இருக்கிறது. சுமந்தவர்கள் பேர்? அதை வழிகாட்டியிடம் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

பத்து நிமிஷம் வெள்ளை, ஒன்றுமில்லை. அப்புறம் காற்று கிழக்குப் பக்கத்துத் திரையை மட்டும் விலக்கியது. ஐந்தலைப் பொதிகை தெரிந்தது. அதற்கும் அப்பால், காட்டுக்கு நடுவில் ஒடிந்த கண்ணாடித் துண்டுபோல ஒரு பளபளப்பு. காரையாறு அணைத் தண்ணீர். அதற்கும் அப்பால் புகையாக ஒரு சமவெளி. அதில் எங்கோ எங்கள் மாடி. கொடியில் நான் எடுக்காமல் விட்டுவந்த துணிகூட அங்கே கிடக்கும்.

போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"எங்க நிக்கே?"

"உச்சியிலப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, மாடிப்படி ஏறுகிறார் என்று புரிந்தது. "மேகமா கிடக்கு, ஒண்ணும் தெரியல" என்றார். "பூங்குளம் தெரியுதா உனக்கு?"

கிழக்குச் சரிவைப் பார்த்தேன். பச்சை, பச்சைக்கு மேல் பச்சை. "தெரியலப்பா. காடாத்தான் இருக்கு."

"அது மேலேருந்து தெரியாது. கீழ எறங்கினாத்தான் தெரியும்."

இறங்கலாம். அங்கிருந்து எவ்வளவு தூரம் இருக்கப்போகிறது. வழிகாட்டி நான் பார்க்கிற திசையைப் பார்த்துவிட்டு, "அங்கோட்டு வழியில்ல" என்று மட்டும் சொன்னார். மேகம் மறுபடி மூடியது. நேரமாகிவிட்டது, இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம், ஏறியதைவிட அது மோசம், அதை எழுதக்கூட முழங்கால் சம்மதிக்கவில்லை.

மறுநாள் மாலை திரும்பும்போது புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். கேரளத்திலிருந்து குப்பையும் கோழிக்கழிவும் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்க எல்லா வண்டியையும் பார்க்கிறார்கள். டிக்கியைத் திறந்ததும் கயிறு கட்டிய ஷூ ஒன்றும் இரண்டு அழுக்குப் பைகளும் இருந்தன. காவலர் ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கேருந்து வாரிய?"

"அம்பாசமுத்திரம் சார்" என்றான் அண்ணன், அரைத் தூக்கத்தில்.

"அது உங்க ஊரு. இப்ப எங்கேருந்து வாரிய?"

"அகத்தியர் மலைக்குப் போயிட்டு வாரோம்."

அவர் டிக்கியை மூடிவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அகத்தியர் மலை நம்ம பக்கம்லா இருக்கு?"

"ஆமா சார்" என்றான் அண்ணன்.